விளையாட்டுக் கணினிக்கு ஏற்ற மின்வலு வழங்கி

கணினியை உறுப்பு உறுப்பாக வாங்கித் தாமே பொருத்திக்கொள்ளும் வழக்கம் இக்காலத்தில் எமது மாணவரிடையே பெரிதும் பரவியுள்ளது. அது வரவேற்கத்தக்கதே. பொருத்தி முடித்த பெட்டியொன்றைக் கடையிலிருந்து தூக்கி வருபவன் அறியாத பலவற்றைத் திருப்புளியைக் கையிலெடுத்தவன் ஒரே மாலைப்பொழுதில் அறிந்துகொள்கின்றான். ஆயினும், அவர்கள் எழுதிக்கொண்டு வரும் கொள்வனவுப் பட்டியல்களை நோக்குமிடத்து ஒரு குறை தவறாது தென்படுகின்றது. முதலில் வரைகலை அட்டை, அடுத்து முறைவழியாக்கி, பின்னர் தாய்ப்பலகை, நினைவகம், கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளும் வாய்ந்த பேழை. கையிலுள்ள பணம் தீருந் தறுவாயில், பட்டியலின் அடியில், “பவர் சப்ளை – ஏதாவது ஒன்று” என்றிருக்கும். அந்த ‘ஏதாவது ஒன்று’ என்பதைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஏனைய உறுப்புக்களில் ஒன்று பழுதானால் பெரும்பாலும் அது மாத்திரமே பழுதாகும். நினைவகம் கெட்டால் நினைவகத்தை மாற்றலாம். மின்வலு வழங்கியோ பேழையினுள் இருக்கும் அனைத்தையும் தொட்டுக்கொண்டிருப்பது. அது முறைகேடாகச் செயலிழக்குமாயின் தாய்ப்பலகையையும், வட்டுக்களையும், எல்லாவற்றிலும் விலைகூடிய வரைகலை அட்டையையும் உடன்கொண்டு செல்ல வல்லது. அப்பணமோ பல வீடுகளில் தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. அல்லது கடல் கடந்து உழைக்கும் மாமா அனுப்பியது. மொத்தச் செலவில் பத்திலொரு பங்களவே விழுங்கும் பொருளொன்றில் மிச்சம்பிடித்து, எஞ்சிய ஒன்பது பங்கையும் ஆபத்துக்குள்ளாக்குதல் சிக்கனமாகாது.

இக்கருவி செய்யும் தொழில் யாது? எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று, 50 ஏட்சு ஆடலோட்டம். கணினியின் உறுப்புக்களுக்கு வேண்டியவை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டங்கள். முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவதே இதன் பணி. நிலைமாற்றி ஒன்றால் வோல்ற்றளவைக் குறைத்து, இருவாயிகளால் சீராக்கி, கொள்ளளவியால் மட்டப்படுத்தலாமே என உயர்தர வகுப்பு மாணவர் கேட்பர். பழைய வானொலிப் பெட்டிகளில் அவ்வாறுதான் செய்தனர். ஆனால் 50 ஏட்சில் 650 உவாற்றைக் கடத்தவல்ல நிலைமாற்றியின் இரும்பும் செம்பும் பல கிலோகிராம் நிறைகொண்டவை. மேசைக்கு அடியில் ஒரு சிறு அம்மிக்கல்லை வைத்ததற்கு ஒப்பாகும்.

ஆதலின் இக்காலக் கருவி வேறொரு வழியைக் கைக்கொள்கின்றது. உள்வரும் ஆடலோட்டத்தை முதலில் வடிகட்டி, நிலைமாற்றி எதுவுமின்றி நேரே சீராக்குகின்றது. 230 வோல்ற்று என்பது இடைவர்க்கமூலப் பெறுமானம். அதன் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ற்று. அதனை மேலும் உயர்த்தி 380 முதல் 400 வோல்ற்று வரையான நேரழுத்தமாக்கி, ஒரு பெருங் கொள்ளளவியில் தேக்குகின்றது. பின்பு, விரைவாகத் திறந்து மூடும் திரான்சிற்றர்கள் அதனைச் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை, சிலவற்றில் நூறாயிரம் முறை, வெட்டி ஒரு சிறிய பெரைற்று நிலைமாற்றிக்கு ஊட்டுகின்றன. தூண்டப்படும் வோல்ற்றளவு காந்தப்பாயம் மாறும் வீதத்துக்கு விகிதசமம் என்னும் பரடேயின் விதியை நினைவிற் கொள்க. மாறும் வேகம் பன்மடங்கு உயர்ந்தால், அகணியின் பருமனும் சுற்றுக்களின் எண்ணிக்கையும் பெரிதும் குறையலாம். உள்ளங்கையில் அடங்கும் நிலைமாற்றி 650 உவாற்றைக் கடத்துவதன் இரகசியம் இதுவே.

இம்முறையை வீட்டுக் கணினிக்குக் கொணர்ந்தவருள் குறிப்பிடத்தக்கவர், 1977இல் வெளிவந்த ‘அப்பிள் 2’ கணினிக்கு வழங்கியை வகுத்த ரொட் ஹோல்ற் என்பவர். விசிறியின் ஓசை கூடாதென ஸ்டீவ் ஜொப்ஸ் விரும்பியமையால், சூடு குறைந்த ஆளியிடல் முறையை அவர் தெரிந்தார். 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியின் வழங்கி 63.5 உவாற்று தருவது. இன்று முறைவழியாக்கி ஒன்றே தனித்து அதனின் இருமடங்கையும் உட்கொள்ளக்கூடும் என்பதை அறிவோர் இத்துறை எவ்வளவு தூரம் நடந்துவந்துள்ளதென உணர்வர். 1995இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த ‘ஏ.ரி.எக்ஸ்.’ என்னும் நியமமே, பலமுறை திருத்தப்பட்டு, இன்றும் வழக்கிலிருப்பது.

நிற்க, வாங்குவோன் முதலிற் பார்க்கவேண்டியது பேழையின் மேலுள்ள பெரிய எண்ணையன்று; பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டவணையையே. முற்காலக் கணினிகள் 5 வோல்ற்றிலிருந்தே பெரும்பங்கு வலுவைப் பெற்றன. இக்காலத்தில் முறைவழியாக்கி, வரைகலை அட்டை ஆகிய இரு பெருந்தீனிக்காரரும் 12 வோல்ற்றிலிருந்தே உண்கின்றனர். ஆகவே 12 வோல்ற்று வரிசையில் எத்தனை அம்பியர் எழுதப்பட்டுள்ளது என்பதே வினா. ‘650’ என எழுதிய இரு கருவிகள் கடைத்தட்டில் அருகருகே இருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் 12 வோல்ற்றுக்கு எதிரே 54 அம்பியர். பெருக்கினால் 648 உவாற்று. மற்றையதில் 38 அம்பியர். பெருக்கினால் 456 உவாற்று. பின்னதில் எஞ்சிய உவாற்றுக்கள் எவரும் பெரிதாகப் பயன்படுத்தாத 5, 3.3 வோல்ற்று வரிசைகளில் அடுக்கப்பட்டிருக்கும். விலை வேறுபாட்டின் காரணம் இப்பொழுது விளங்கும். அட்டவணையே இல்லாத கருவியை, அல்லது ‘உச்சவலு’ என்று மாத்திரம் எழுதிய கருவியை, விலை எதுவாயினும் விட்டுவிடுக.

இனி எத்தனை உவாற்று வேண்டும் என்பதைக் கணிப்போம். ஊகத்துக்கு இங்கு இடமில்லை. கூட்டல் அறிந்தாற் போதும். எடுத்துக்காட்டாக, 2023இல் வெளிவந்த ஏ.எம்.டி.யின் ‘ரைசன் 7 7800 எக்ஸ் 3 டி’ முறைவழியாக்கியையும், 2024 சனவரியில் வெளிவந்த என்விடியாவின் ‘ஆர்.ரி.எக்ஸ். 4070 சூப்பர்’ அட்டையையும் மாணவர் ஒருவர் தெரிந்துள்ளார் எனக் கொள்வோம். முறைவழியாக்கியின் பெயர்ப்பலகையில் 120 உவாற்று என்றிருக்கும். அது வெப்பம் அகற்றுவதற்கான அளவு. மின்வலுவில் அது தொடக்கூடிய எல்லை 162 உவாற்று. விளையாட்டில் அவ்வெல்லைக்கு மிகக் கீழேயே அது நிற்குமாயினும், நாம் எல்லையையே எடுத்துக்கொள்வோம். அட்டை 220 உவாற்று. தாய்ப்பலகை, நினைவகம், வட்டு, விசிறிகள், விளக்குகள் யாவற்றுக்குமாக 70 உவாற்று தாராளம். கூட்டுத்தொகை 452. இது வழங்கியின் முழுவலுவில் பத்தில் ஏழு பங்கை மேவாதிருத்தல் நன்று, 452ஐ 0.7ஆல் வகுக்க 646 வரும். ஆகவே 650 உவாற்றுக் கருவி பொருந்தும். அவ்வட்டைக்கு உற்பத்தியாளர் பரிந்துரைப்பதும் 650தான்.

அதே முறையில் 450 உவாற்று உண்ணும் ‘4090’ அட்டையையும், 253 உவாற்று வரை ஏறும் இன்ரெலின் ‘14900 கே’ முறைவழியாக்கியையும் கூட்டிப்பார்த்தால் 770க்கு மேற்செல்லும்; அதற்கு 1000 உவாற்றுக்கு மேற்பட்ட கருவியே முறை. மறுபுறத்தில், 115 உவாற்று மாத்திரம் வேண்டும் ‘4060’ போன்ற எளிய அட்டையை வைத்திருப்போன் 850 உவாற்றுக் கருவி வாங்குதல் பிழையன்று, வீண். அப்பணத்தை அதே வலுவில் தரங்கூடிய கருவிக்கு, அல்லது அட்டைக்கே, ஈந்திருக்கலாம். 550 உவாற்றில் நல்லதொன்று, 850 உவாற்றில் மட்டமான ஒன்றைவிட எந்நாளும் மேலானது.

வீட்டார் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்றை இவ்விடத்திலேயே தீர்த்துவிடுவோம். 1000 உவாற்றுக் கருவி எப்பொழுதும் 1000 உவாற்றை இழுத்து மின்கட்டணத்தை ஏற்றிவிடுமா? ஏற்றாது. கணினி எவ்வளவு கேட்கின்றதோ அவ்வளவையே, தன் விரயத்தையும் சேர்த்து, அது சுவரிலிருந்து எடுக்கும். கிணறு ஆழமாயிருப்பதால் வாளியில் வரும் நீர் கூடுவதில்லை.

பத்தில் மூன்று பங்கை ஏன் ஒதுக்கிவைக்கவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. வரைகலை அட்டைக்கு எழுதப்பட்டிருக்கும் எண் ஒரு சராசரி. நொடிக்குள் அது பலமுறை ஏறியிறங்கும். 2020இல் வெளிவந்த ‘3080’, ‘3090’ அட்டைகள் மில்லிசெக்கனிலும் குறைந்த காலத்துக்குத் தம் சராசரியின் இருமடங்கை அண்மிப்பதை அளந்து காட்டினர். கணக்கின்படி போதுமான வழங்கி பூட்டியிருந்தும், விளையாட்டின் உச்சக்கட்டத்தில் கணினி திடீரென அணைந்துபோகும் புதிர் பலரை வாட்டியது. வழங்கியின் பாதுகாப்புச் சுற்று அக்கணநேரப் பாய்ச்சலைப் பழுதெனக் கருதித் துண்டித்தமையே காரணம். இதற்குப் பரிகாரமாக 2022 பெப்ரவரியில் இன்ரெல் வெளியிட்ட ஏ.ரி.எக்ஸ். 3.0 நியமம், வழங்கியானது தன் பெயர்வலுவின் இருமடங்கை 100 மைக்குரோசெக்கன் வரை தாங்கவேண்டும் என விதித்தது. புதிதாக வாங்குவோர் 3.0 அல்லது அதன் பின்வந்த 3.1 என்னும் குறியைத் தேடுதல் தகும்.

அந்நியமத்தோடு பதினாறு ஊசிகளையுடைய ஒரு புதிய இணைப்பியும் வந்தது. பழைய எட்டூசி இணைப்பி 150 உவாற்றுக்கு வகுக்கப்பட்டது. தாய்ப்பலகைப் பிளவு 75 உவாற்று தரும். புதிய இணைப்பியோ 600 உவாற்று வரை. 600ஐ 12ஆல் வகுக்க 50 அம்பியர். அதனை ஆறு ஊசிகள் பங்கிடுகின்றன. ஊசியொன்றுக்கு எட்டு அம்பியருக்குச் சற்று மேல். மிகச் சிறிய ஊசிக்கு அது பெருஞ்சுமை. 2022 ஒக்ரோபரில் 4090 அட்டை வந்தபின் இவ்விணைப்பிகள் சில உருகிய செய்திகள் வந்தன. இணைப்பி முற்றாக உட்செல்லாதிருந்தமை அவற்றுட் பலவற்றுக்குக் காரணமெனக் கண்டனர். தொடுபரப்பு குறையத் தடை கூடும். தடை கூட, ஓட்டத்தின் வர்க்கத்தால் வெப்பம் பெருகும். 2023இல் உணர்வூசிகளைக் குறுக்கித் திருத்திய வடிவம் வந்தது; அது முற்றாகப் பொருந்தாவிடின் அட்டை வலுவைக் கேட்காது. ஆயினும் 2025இல் வந்த 575 உவாற்று அட்டைகளிலும் உருகிய செய்திகள் வந்தமையால், இவ்விடயம் தீர்ந்ததென எம்மாற் கூற இயலாது. இணைப்பியை இறுதிவரை அழுத்துக. அதன் வாயிலிருந்து மூன்று நான்கு சென்ரிமீற்றருக்குள் வடத்தை மடக்காதிருக்க. கண்ணாடிப் பக்கத்தை மூடுவதற்காக வடத்தை நெரிப்பதே பலரும் செய்யும் பிழை.

அடுத்து வருவது கடைக்காரர் முதலிற் சுட்டிக்காட்டும் முத்திரை: வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாற்றினம், தைற்றேனியம். ‘80 பிளஸ்’ என்னும் இத்திட்டம் 2004இல் ஐக்கிய அமெரிக்காவிலே தொடங்கியது. 115 வோல்ற்றில், அரைச்சுமையில், வெண்கலம் நூற்றுக்கு 85, தங்கம் 90, பிளாற்றினம் 92, தைற்றேனியம் 94 என்னும் திறனைக் காட்டவேண்டும். எமது 230 வோல்ற்றில் ஓட்டம் பாதியாவதால் இழப்பும் சற்றுக் குறையும். இம்முத்திரை திறனுக்கான சான்று, தரத்துக்கான சான்றன்று. வெளியீடு எவ்வளவு தூயது, பாதுகாப்புச் சுற்றுக்கள் வேலைசெய்கின்றனவா, எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பவற்றை அது சோதிப்பதில்லை. சோதனை நடப்பதும் ஏறக்குறைய 23 பாகை சதமவெப்பநிலையில். சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்து அறையொன்றில் அன்று.

தங்கத்தால் மின்கட்டணம் எவ்வளவு குறையும்? 400 உவாற்று வேண்டும் கணினிக்கு, திறன் 85 ஆயின் சுவரிலிருந்து 471 உவாற்று. 90 ஆயின் 444. வேறுபாடு 27 உவாற்றுக்குக் குறைவு. நாள்தோறும் நான்கு மணித்தியாலம் ஓயாது விளையாடினும், ஆண்டுக்கு ஏறக்குறைய 38 அலகு மாத்திரமே மிச்சம். (நாள்தோறும் நான்கு மணித்தியாலம் விளையாடும் மாணவனுக்கு மின்கட்டணத்தினும் பெரிய கவலைகள் இருத்தல் வேண்டும் என்பது வேறு கதை.) ஆகவே சிக்கனத்தை நோக்கித் தங்கம் வாங்குவதிற் பெரும்பயன் இல்லை. எனினும் விரயமாகும் வலு வெப்பமாகின்றது. வெப்பம் குறைந்தால் விசிறி மெல்லச் சுழலும், உறுப்புக்கள் நீடிக்கும். அன்றியும், திறனுயர்ந்த சுற்றை வகுக்கும் நிறுவனம் ஏனையவற்றிலும் ஓரளவு கருத்தூன்றும். அக்காரணங்களால் தங்கத்தை நாம் விதந்துரைப்போம்; அதற்கு மேற்பட்டவை பெரும்பாலும் அலங்காரம். சைப்பிரசிலுள்ள ‘சைபெனெற்றிக்ஸ்’ என்னும் ஆய்வகம் 230 வோல்ற்றிலும் சோதித்து, ஓசைக்கும் தனித்தரம் வழங்குகின்றது. அதன் அறிக்கைகள் எமக்கு மிகப் பயனுள்ளவை.

தரம் உள்ளே இருப்பது. 12 வோல்ற்று வெளியீடு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விலகலாகாது, அதாவது 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்றல் வேண்டும். அதன்மேல் ஏறிவரும் அலைவு 120 மில்லிவோல்ற்றைத் தாண்டலாகாது. இவை நியமத்தின் எல்லைகள். நல்ல கருவி இவற்றுக்கு வெகு உள்ளேயே நிற்கும். மின்பகு கொள்ளளவிகளை நோக்குக. அவற்றினுள் இருக்கும் திரவம் வெப்பத்தால் உலர்கின்றது. வெப்பநிலை 10 பாகை குறையுந்தோறும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் விதி. ஒரே ஆயுள் மணித்தியாலம் குறிக்கப்பட்ட இரண்டில், 85 பாகைக்கு வகுத்ததிலும் 105 பாகைக்கு வகுத்தது அதே பேழையில் நான்கு மடங்கு நீடிக்கும் என்பது இதனின்று பெறப்படும். எம்மைப்போன்ற வெப்பநாட்டவர்க்கு இது வெறும் ஏட்டுக்கணக்கன்று. கருவியின் முழுவலு 40 பாகைக்கா 50 பாகைக்கா கூறப்பட்டுள்ளது என்பதையும் உற்பத்தியாளரின் ஏட்டிற் பார்த்தல் வேண்டும்.

பாதுகாப்புச் சுற்றுக்கள் பல: மிகைவலு, மிகைவோல்ற்றளவு, குறைவோல்ற்றளவு, மிகையோட்டம், குறுஞ்சுற்று, மிகைவெப்பம் என. பெட்டியில் இவையனைத்தும் அச்சிடப்பட்டிருத்தல் போதாது. எவ்வெல்லையில் அவை துண்டிக்கின்றன என்பதே காரியம். 2021இல் தைவான் நாட்டுப் பெருநிறுவனமொன்றின் 750, 850 உவாற்றுக் கருவிகள் சோதனைமேசையில் வெடித்தபடியால் பெரும் பரபரப்பு எழுந்தது. அவற்றின் மிகைவலுத் துண்டிப்பு, பெயர்வலுவின் நூற்றுக்கு 120 முதல் 150 வரை என வைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ற்றில் அந்நிறுவனம் அதனை 110 முதல் 120 வரை எனக் குறைத்து, முன் விற்றவற்றை மாற்றிக் கொடுக்க முன்வந்தது. அக்கருவிகளில் சில அக்காலத்தில் வரைகலை அட்டையோடு கட்டாயச் சோடியாக விற்கப்பட்டமை இன்னும் கவனிக்கத்தக்கது. பெயர்பெற்ற நிறுவனம் என்பது மாத்திரம் போதிய காப்பன்று; குறித்த மாதிரியையே எவரேனும் பிரித்து அளந்து எழுதியிருக்கின்றனரா என்று தேடிப்பார்த்தல் வேண்டும். உத்தரவாதக் காலமும் ஒரு குறிப்பு. ஏழு, பத்து ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்போன் ஒருவாறு தன் பொருளை அறிந்தவனாவான்.

இனி, எமது நாட்டு மின்சாரத்தோடு தொடர்புடைய சிலவற்றைச் சற்று விரித்துக் கூறுவாம். அயல்நாட்டு நூல்கள் இவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

கணினிப் பேழையைத் தொட்டால் விரலில் ஊர்வதுபோன்ற உணர்வு உண்டாவதாகப் பலர் கூறுவர். வழங்கியிற் பழுதென எண்ணி அதனை மாற்றியவர்களும் உளர். பழுது பெரும்பாலும் சுவரிலே இருக்கின்றது. வழங்கியின் நுழைவாயிலிலுள்ள வடிகட்டியில், உயிர்க்கம்பியிலிருந்து பேழைக்கு ஒன்றும் நொதுமற்கம்பியிலிருந்து பேழைக்கு ஒன்றுமாக இரு சமமான சிறு கொள்ளளவிகள் உள்ளன. புவித்தொடுப்பு இருப்பின் அவற்றினூடாகக் கசியும் சிற்றோட்டம் நிலத்துக்குச் சென்றுவிடும். அது இல்லாவிடில், இரு சமக் கொள்ளளவிகளின் நடுப்புள்ளியில் நிற்கும் பேழை 230இன் பாதியாகிய 115 வோல்ற்றில் மிதக்கும். கொள்ளளவிகள் சிறியனவாதலின் ஓட்டம் சிறிது, ஊரலோடு தப்புகின்றோம். ஆனால் உள்ளே உயிர்க்கம்பி எதுவும் பேழையைத் தொடுமாயின், அவ்வோட்டம் சிறிதாயிராது. மூன்றாவது முளையை வெட்டியெறிதலும், மூன்று முளைச் செருகியை இரு துளைக் குதையில் மாட்டித்தரும் மலிவான இடையிணைப்பிகளும் உயிரோடு விளையாடுவனவாம். ‘ரிப் சுவிச்’ எனப்படும் தானியங்கி ஆளியும் செம்மையான புவித்தொடுப்பும் உள்ள சுவர்க்குதையிலேயே கணினியை மாட்டுக. ஐயமிருப்பின், வழங்கி வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை மின்னிணைப்பாளருக்கு முதலிற் கொடுத்தல் தகும்.

மின்தடை எமக்குப் புதிதன்று. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதனால் நாடு முழுவதும் மின்னிழந்தது. இத்தகைய நெடிய தடைகளுக்கு வழங்கியாற் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் கண்ணிமைக்கும் நேரத்துத் தடைகளை அது தாங்கவல்லது. முன்னர்க் கூறிய பெருங் கொள்ளளவி தேக்கிய சத்தியைக்கொண்டு 16, 17 மில்லிசெக்கன் அளவுக்கு வெளியீட்டை நிறுத்திப்பிடித்தல் வேண்டும் என்பது நெடுநாள் விதி. 50 ஏட்சில் ஓர் அலை 20 மில்லிசெக்கன். அதாவது ஓர் அலைக்குச் சற்றுக் குறைந்த காலம். இது சிறிதெனத் தோன்றினும், வீடுகளிற் பாவிக்கும் யூ.பி.எஸ். கருவி தன் மின்கலத்துக்கு மாறச் சில மில்லிசெக்கன் எடுக்கின்றமையால், அவ்விடைவெளியை நிரப்புவது இதுவே. மலிவான கருவியில் விலை குறைக்கப்படும் முதலுறுப்பும் இக்கொள்ளளவியே. யூ.பி.எஸ். இருந்தும் மின் போகும்போது கணினி அணைகின்றதெனின், பழுது யூ.பி.எஸ்.இல் மாத்திரம் தேடப்படலாகாது.

யூ.பி.எஸ்.இன் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. ‘650’ என எழுதியது வோல்ற்று–அம்பியர்; அவ்வகையிற் பல ஏறக்குறைய 360 உவாற்றையே தரும். எமது எடுத்துக்காட்டுக் கணினி உச்சத்தில் 452 உவாற்று. திறன் 90 ஆயின் சுவரில் 500க்கு மேல். விளையாட்டின் நடுவே மின் போனால் அந்த யூ.பி.எஸ். மிகைச்சுமையால் விழுந்துவிடும். மேலும், மலிவான யூ.பி.எஸ்.கள் சைன் அலைக்குப் பதிலாகப் படிக்கட்டு வடிவ அலையைத் தருவன. வலுக்காரணியைத் திருத்தும் சுற்றுள்ள வழங்கிகளுட் சில அதனை ஏற்க மறுக்கும். தூய சைன் அலை தருவதையே தெரிக.

கனடாவிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் ஒரு வழங்கியைக் கொண்டுவரலாமா என்பதும் வழக்கமான வினா. கொண்டுவரலாம், ஒட்டுச்சீட்டில் ‘100–240’ என்றிருந்தாற் போதும், வோல்ற்றளவைத் தானே அறிந்துகொள்ளும். பின்புறத்தில் சிறிய செந்நிற ஆளியும் அதில் 115, 230 என்னும் எண்களும் உள்ள பழைய வகையாயின் எச்சரிக்கை: 115இல் நிற்க 230இல் மாட்டினால் ஒரேயொரு வெடியோசை கேட்கும். அங்கிருந்து வரும் வடத்தையும் பாவியாதீர். அது 125 வோல்ற்றுக்கே அளவிடப்பட்டது, தட்டை முளையும் எமது குதைக்குப் பொருந்தாது.

கைமாறிய கருவிகளைப் பற்றி ஒரு சொல். 2022 செப்ரெம்பரில் ‘எதீரியம்’ நாணயம் தன் முறையை மாற்றியபின், அதன்பொருட்டு இராப்பகலாக ஓடிய உறுப்புக்கள் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. பழைய வரைகலை அட்டையைத் துணிந்து வாங்கலாம். பழைய வழங்கியை, அதன் வரலாறு தெரிந்தாலன்றி, வாங்காதிருத்தல் நன்று. உலர்ந்த கொள்ளளவியை வெளியிலிருந்து காணமுடியாது.

பொருத்தும்போது கவனிக்கவேண்டியவற்றுள் தலையாயது வடம். வடங்களைக் கழற்றி மாட்டக்கூடிய வழங்கிகளில், உறுப்புப் பக்கத்து முனை நியமப்படி அமைந்தது. வழங்கிப் பக்கத்து முனைக்கு நியமம் எதுவுமில்லை. ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளிலேயே ஊசி ஒழுங்கு வேறுபடலாம். பழைய வழங்கியின் வடம் புதியதில் இலகுவாகப் பொருந்தும். பொருந்தி, 5 வோல்ற்று செல்லவேண்டிய இடத்தில் 12 வோல்ற்றை அனுப்பி, வட்டை ஒரு நொடியில் கொல்லும். பல ஆண்டுப் படங்களும் பாடக்குறிப்புக்களும் அவ்வாறு அழிந்திருக்கின்றன. வழங்கியை மாற்றும்போது வடங்களையும் ஒருங்கே மாற்றுக. முறைவழியாக்கிக்குரிய எட்டூசி இணைப்பியும் அட்டைக்குரிய எட்டூசி இணைப்பியும் தோற்றத்தில் ஒத்தன, முனைவில் எதிரானவை; வலிந்து செருகலாகாது. அட்டைக்கு இரு இணைப்பிகள் வேண்டின், ஒரே வடத்தின் இரு கிளைகளை மாட்டாது இரு தனி வடங்களைக் கொண்டுசெல்க.

பேழையின் அடியில் வழங்கி அமையுமிடத்துத் தூசிவலை இருப்பின், விசிறி கீழ்நோக்க வைக்கலாம். செம்மண் தரையில் நேரே வையாது சிறு பலகையொன்றின் மேல் வைக்க. வலையை மாதமொருமுறை கழுவுக. வழங்கியின் மூடியை மாத்திரம் எக்காரணங்கொண்டும் திறவாதீர். செருகியைக் கழற்றிய பின்னரும் பெருங் கொள்ளளவி நூற்றுக்கணக்கான வோல்ற்றைச் சிலவேளை தேக்கிவைத்திருக்கும்.

யாவும் பொருத்தி முடிந்தபின், கடினமான விளையாட்டொன்றை அரைமணி நேரம் ஓடவிட்டு, உதிரி இணைப்பியொன்றின் மஞ்சட் கம்பிக்கும் கருங்கம்பிக்கும் இடையே மல்டிமீற்றரை வைத்துப் பார்க்க. கம்பிகள் யாவும் கருநிறமாயின் கையேட்டிலுள்ள ஊசிப்படத்தைப் பின்பற்றுக. திரையிற் காட்டும் எண் மீற்றரைப்போல் நம்பத்தக்கதன்று. 12 வோல்ற்றுக்கு அண்மையில் அசையாது நின்றால் நன்று. 11.4ஐ நோக்கி இறங்குமாயின், அல்லது கருகிய மணம் எழுமாயின், சுவர் ஆளியை அணைத்து, கருவியைப் பற்றுச்சீட்டோடு அன்றே கடைக்குத் திருப்பிக்கொடுக்க. அதன்பொருட்டு, பற்றுச்சீட்டையும் அட்டைப்பெட்டியையும் உத்தரவாதக் காலம் முடியுமட்டும் எறியாது வைத்திருத்தல் வேண்டும்.